சான்றோன் என்னும் சொல்லும் பெற்றோர் விழைவும்

பொன்முடியார் பாடிய புறநானூற்று 312-ஆம் செய்யுள் பள்ளி ஆண்டு விழாக்களில் பெரிதும் எடுத்தாளப்பெறுவது. பிள்ளையைப் பெற்று வளர்த்தல் தாயின் கடன், அவனைச் சான்றோன் ஆக்குதல் தந்தையின் கடன் என்னும் அளவில் மேற்கோள் நின்றுவிடுவது வழக்கம். மகனை வகுப்பில் முதல்வனாக்குதலையே பண்டைப் புலவர் ஒருவர் கடமையாக விதித்தார் என்று கேட்டிருக்கும் பெற்றோர் எண்ணுவர். மகனும் அருகிருந்து கேட்கின்றான். கல்வியிலும் விளையாட்டிலும் பிள்ளைகள் வென்றே தீர்தல் வேண்டும் என்று பெற்றோர் வற்புறுத்தும் நிலைக்கு இச்செய்யுள் எவ்வாறு சான்றாயிற்று என்பதும், அதற்குச் சான்றாதல் பொருந்துமா என்பதும் இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகும் பொருள்களாம்.

முதற்கண் செய்யுளை முழுதும் நோக்குதல் வேண்டும். அதிற் கூறப்படும் கடன்கள் இரண்டல்ல, ஐந்து. வேல் வடித்துக் கொடுத்தல் கொல்லனுக்குக் கடனாகின்றது. வேந்தனுக்குரிய கடனைக் கூறும் இடத்தில் ‘நன்னடை’ என்றும் ‘தண்ணடை’ என்றும் பாடம் வேறுபடுகின்றது. முன்னது கொண்டால் நல்லொழுக்கத்தை நல்குதலும், பின்னது கொண்டால் மருதநிலம் வழங்குதலும் பொருளாகும். இவ்விரண்டனுள் எதைக் கொள்ளினும் அரசன் இளையோனுக்கு ஒன்று தரக் கடமைப்பட்டவன் என்பது மாறவில்லை. இவை நான்கும் நிறைவேறிய பின்னரே மகனின் கடன் கூறப்படுகின்றது. அதுவும் களம் புகுந்து யானையை வீழ்த்துதலோடு முடிவதன்று. மீண்டு வருதலும் அக்கடனில் அடங்கும். இறுதிச் சொல்லாகிய இதனை உரை கூறுவோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். தாய் தன் மகனை உயிரோடு திரும்பி வரச் சொல்கின்றாள் என்பது எம் கருத்து.

இனி, சான்றோன் என்பது யாது? பிற்கால வழக்கில் அச்சொல் கல்வியும் ஒழுக்கமும் நிறைந்தவனைக் குறிக்கும். ஆயின் வேல், வேந்தன், களிறு ஆகியவற்றின் நடுவே நிற்கும் இச்செய்யுளில் அப்பொருள் இயையாது. பதிற்றுப்பத்தில் சேர வேந்தர்க்கு வழங்கும் அடைமொழி ஒன்றில் வரும் சான்றோர் என்னும் சொல்லுக்கு அந்நூலின் பழைய உரைகாரரும் வீரர் என்றே பொருள் கொண்டனர். க. கைலாசபதி முதலிய பிற்கால ஆய்வாளரும் இப்பொருளை வலியுறுத்தியுள்ளனர். எனவே தந்தையின் கடன் மகனைப் போர்ப்பயிற்சியில் நிறைவுடையவன் ஆக்குதலே. இஃது அறிஞர் பலரும் அறிந்த செய்தியே. எனினும் விழா மேடைகளை இன்னும் எட்டவில்லை.

இச்சொல்லைவிட நுட்பமானது, அதனோடு சேர்ந்து வழங்கிவரும் தாயின் உவகை பற்றிய கூற்று. பூங்கணுத்திரையார் பாடிய 277-ஆம் செய்யுளில், தன் மகன் களிற்றை எறிந்து தானும் பட்டான் என்று கேட்ட முதியவள், அவனைப் பெற்ற நாளினும் மிகுதியாக மகிழ்கின்றாள். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278-ஆம் செய்யுளிலும் இதே ஒப்பீடு வருகின்றது. மகன் புறமுதுகிட்டான் என்று பலர் கூறக் கேட்ட தாய், அஃது உண்மையாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறிக் களத்துக்குச் செல்கின்றாள். வாளொடு பிணங்களைப் புரட்டி, சிதைந்து கிடந்த மகனைக் கண்ட பின்னரே அவள் உள்ளம் மகிழ்கின்றது. திருக்குறளின் 69-ஆம் பாவுக்கு வருவோமாயின், தன் மகனைச் சான்றோன் எனப் பிறர் சொல்லக் கேட்ட தாயும் பெற்ற பொழுதினும் பெரிதாக மகிழ்வாள் என்ற அதே ஒப்பீட்டைக் காண்கின்றோம். சான்றோன் என்ற அதே சொல்லும் அங்கே நிற்கின்றது. களம் மறைந்து அவை வந்துவிட்டது. வாள் மறைந்து கல்வி வந்துவிட்டது. தாய் தன் உவகையை அளக்கும் கோல் மட்டும் மாறவில்லை. போர்க்களத்து வாய்பாடு ஒன்றை வள்ளுவர் எடுத்து அறத்தின்பால் திருப்பினார் என்று கொள்வதே பொருத்தமென்று கருதுகின்றோம். இம்மாற்றம் பெரும்பேறு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘கேட்டல்’ என்பது இரண்டிடத்தும் இருத்தல் கருதத்தக்கது. 278-ஆம் செய்யுளின் தாய் பிறர் சொற் கேட்டுச் சினந்தாள். குறளின் தாய் பிறர் சொற் கேட்டு மகிழ்ந்தாள். மகனைப் பற்றிய தீர்ப்பு இரண்டிடத்தும் ஊரார் வாயிலிருந்தே வருகின்றது. ‘கேட்ட தாய்’ என்றதற்குப் பரிமேலழகர், பெண் இயல்பால் தானாக அறியாமையின் என்ற முறையிற் காரணம் கூறுவர். பொன்முடியாரும் நச்செள்ளையாரும் பெண்பாற் புலவர் என்று கருதப்படுதலை நினைவோர்க்கு அவ்வுரை வியப்பையே தரும்.

தந்தையைப் பற்றிய 67-ஆம் குறள், மகனை அவையில் முந்தியிருக்கச் செய்தலே தந்தை அவனுக்குச் செய்யும் நன்மை என்கின்றது. முந்துதல் என்னும் சொல்லே இன்று பெற்றோரைப் பெரிதும் கவர்வது. ஆனால் பரிமேலழகர் இங்கு ஒரு வரம்பு கட்டுகின்றார். கற்றார் அவையில் மிக்கிருக்குமாறு கல்வியுடையன் ஆக்குதலே அவர் கொள்ளும் பொருள். மகனைப் பொருளுடையன் ஆக்குதல் முதலாயின துன்பம் பயப்பன ஆதலின் நன்மை ஆகா என்று அவர் விலக்குதலும் காண்க. வேலைக்கும் வருவாய்க்குமாகவே மகனைப் படிக்கத் தூண்டும் தந்தை இக்குறளை மேற்கோளாகக் காட்டுவாராயின், உரையாசிரியர் அவருக்குத் துணை நிற்கமாட்டார்.

கல்வியாற் பெற்றோர் அன்பே வேறுபடும் என்பதையும் நம் முன்னோர் மறைத்திலர். ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய 183-ஆம் புறப்பாட்டு, ஒரு வயிற்றிற் பிறந்தோருள்ளும் கல்விச் சிறப்பால் தாயின் மனம் வேறுபடும் என்று வெளிப்படையாகக் கூறுகின்றது. கல்வியின் பெருமையை எடுத்துரைக்கும் பாட்டாகவே இது போற்றப்படுகின்றது. ஆனால் அப்பாட்டிற் பேசப்படாத ஒருவன் உண்டு. கல்லாத உடன்பிறந்தான் அவன். தாயின் மனம் திரிந்தபோது அவன் யாது எண்ணினான் என்பதைச் சங்கப் புலவர் எவரும் பாடியதாக யாம் கண்டிலேம். ஒக்கூர் மாசாத்தியாரின் 279-ஆம் பாட்டில் எண்ணெய் பூசிக் குடுமி வாரி வேல் கொடுத்துப் போருக்கு அனுப்பப்படும் ஒரே மகனும் ஒரு சொல்லும் பேசுகின்றானல்லன். விழைவு பெற்றோருடையது, குரலும் பெற்றோருடையதே. மகன் வாய்திறவாமை இவ்வரலாற்றின் நெடுங்காலத்துக்கும் பொதுவான இயல்பாகும்.

விளையாட்டின் நிலை வேறு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்களாகக் கூறிய நான்கனுள் விளையாட்டும் ஒன்று. பிள்ளைத்தமிழ் இலக்கியத்தை நோக்கினால், வழக்கில் நிலைத்த பத்துப் பருவங்களுள் குழந்தை எழுத்துக் கற்கும் பருவம் என்று ஒன்றில்லை. சிற்றில் சிதைத்தலும் சிறுபறை முழக்கலும் சிறுதேர் உருட்டலும், பெண்பாலாயின் அம்மானையும் நீராடலும் ஊசலும் ஆகிய இவற்றாலேயே குழந்தைமை அளக்கப்படுகின்றது. பாட்டுடைத் தலைவர் தெய்வமோ அரசரோ ஆதலின் அவர்க்குக் கல்வி வேண்டற்பாலதன்று என்று காரணம் கூறலாம். எனினும் குழந்தையின் தொழில் விளையாடுதல் என்ற எண்ணம் அவ்விலக்கியத்தின் அடிப்படையில் உள்ளது. வெற்றி தோல்வி அதில் இல்லை.

திண்ணைப் பள்ளிகளைப் பற்றி ஈண்டு விரித்தல் வேண்டா. நெட்டுருவும் எண்சுவடியும் சட்டாம்பிள்ளையின் அதிகாரமும் கோதண்டம் என்னும் தண்டனையும் பலர் எழுதியனவே. ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள்’ என்று தந்தையர் ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைத்தது வாய்மொழி வழக்காக இன்றும் நினைக்கப்படுகின்றது. வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்தில், செல்வர் வீட்டுப் பிள்ளை பெறவேண்டிய அடியை உடன்பயிலும் சிறுவன் பெறுதல் நகைச்சுவையாகக் கூறப்படுகின்றது. நகையின் அடியில் உள்ள கொடுமை வெளிப்படையானது. ஆயினும் அக்காலத்து வற்புறுத்தல் பெரும்பாலும் திண்ணையளவில் நின்றது. சுவடி ஓதத் தெரியாத பையனை ஊர் முழுதும் அறியுமாறு பட்டியலிட்டு அறிவிப்பார் எவருமிலர்.

அந்நிலையை மாற்றியது தேர்வு. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பெற்றது. அதன் முதற் பட்டதாரிகளாகிய கரோல் விசுவநாத பிள்ளையும் சி. வை. தாமோதரம் பிள்ளையும் யாழ்ப்பாணத்தார். தாமோதரம் பிள்ளை பின்னர்க் கலித்தொகையை 1887-இற் பதிப்பித்த பெருமகனார் ஆதலின், தேர்வும் தமிழும் பகையென்று கூறுதற்கில்லை. எனினும் மெட்ரிகுலேசன், எஃப்.ஏ., பி.ஏ. என்ற படிகள் அரசாங்க அலுவலுக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் வாயிலான பின்னர், தந்தையின் விழைவு ஒரு நாளிலும் ஒரு தாளிலும் அடங்கிற்று. பெயர் அச்சில் வருதலும் வாராமையும் குடும்பத்தின் நிலையை உறுதி செய்தன. ‘எஃப்.ஏ. தவறியவர்’ என்பதும் ஒரு தகுதியாக வழங்கியமை அக்காலத்தின் இரங்கத்தக்க நகைச்சுவை. பொன்முடியார் பகுத்துரைத்த கடன்களுள் கொல்லனும் வேந்தனும் உதிர்ந்தனர். கருவி தருவாரும் நிலம் தருவாரும் இல்லாத களத்தில் பையன் தனியே நின்றான்.

இம்மாற்றத்தைக் காவிரிக் கரையிலும் எட்டயபுரத்திலும் பிறந்த மூவர் வாழ்வில் காணலாம். உ. வே. சாமிநாதையர் 1855-இற் பிறந்தவர். அவர் தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற இசைவாணர்; மகனும் இசையில் தேர்ச்சி பெறவேண்டும் என்று விழைந்தவர். ஆங்கிலம் இம்மைக்கும் வடமொழி மறுமைக்கும் உதவும், தமிழ் எதற்கு உதவும் என்று உறவினர் வினவியதை ஐயர் தம் என் சரித்திரத்திற் குறித்துள்ளார். ஆனால் மகன் மனம் தமிழிலேயே ஊன்றியது கண்ட தந்தை, நல்லாசிரியரை நாடிக் குன்னம், கார்குடி முதலிய ஊர்களுக்குக் குடியையே பெயர்த்துக்கொண்டு சென்றார். 1871-இல் மாயூரத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுசேர்த்தவரும் அவரே. தம் விழைவை மகனுடைய விழைவின் பின்னே நடக்கச் செய்த தந்தையர் அருமையாகவே காணப்படுகின்றனர். அம்மகன் 1894-இல் முதன்முறை அச்சேற்றிய நூலே புறநானூறு. அஃதாவது, பொன்முடியார் பாட்டைப் பள்ளி மேடையில் எடுத்துக் கூறும் வழக்கம் 1894-க்கு முன் தோன்றியிருத்தல் அரிது. தேர்வு வந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்னரே இப்பழம்பாட்டு பலர் கைக்கும் எட்டிற்று. தொன்றுதொட்டு வந்த ஆணைபோல் தோன்றுவது உண்மையில் புதிய நிலைக்குப் பின்னர்க் கண்டெடுத்துப் பொருத்திய சான்றேயாகும்.

அக்காலத்திலேயே எட்டயபுரத்துச் சின்னசாமி ஐயர் தம் மகன் சுப்பிரமணியனைத் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் ஆங்கிலம் கற்கச் சேர்த்தார். கணிதத்திலும் மேனாட்டு இயந்திரங்களிலும் ஈடுபாடுடைய அவர் மகனையும் அத்துறையில் வல்லவனாக்க எண்ணினார். 1882-இற் பிறந்து ஐந்தாம் வயதில் தாயை இழந்த பிள்ளைக்குத் தந்தையின் விருப்பமே சட்டம். பாரதியார் 1910-இல் வெளியிட்ட சுயசரிதையில் இதனை மறைவின்றிக் கூறுகின்றார். பிற சிறுவர் மரமேறியும் நீராடியும் களித்த காலத்தில், தந்தையின் ஆணைக்கு அஞ்சித் தெரு விளையாட்டில் கலவாது தனித்திருந்ததை நினைவுகூர்கின்றார். ஆங்கிலக் கல்விக்குத் தந்தை செலவிட்ட பொருளையும் அதனால் தமக்கு விளைந்த தீங்கையும் ஒரு கணக்குப் போல நிறுத்துக் காட்டுகின்றார். நூலின் கவிநயத்தை ஆராய்ந்தோர் பலர். யாம் அதனை வேறொரு காரணத்தால் சிறப்புடையதாகக் கருதுகின்றோம். 183-ஆம் பாட்டில் பேசாதிருந்தவனும் 279-ஆம் பாட்டில் வேலேந்திப் போனவனும் ஒருவாறு இங்கேதான் வாய்திறக்கின்றனர். தந்தையின் மேல் வெறுப்பு அந்நூலில் இல்லை என்பதும் குறிக்கத்தக்கது. பருத்தி ஆலை முயற்சியிற் பொருளிழந்து 1898-இல் மறைந்த அத்தந்தையின் துயரத்தையும் மகன் உருக்கத்தோடு பாடுகின்றார். அஞ்சியதும் உண்மை, அன்புகொண்டதும் உண்மை. இரண்டையும் ஒரே நூலில் வைத்துப் பாடும் நேர்மை எளிதன்று. காலையிற் படிப்பும் மாலையில் விளையாட்டும் வேண்டுமென்று குழந்தைக்கு அவர் பாப்பாப் பாட்டிற் கூறியதைப் படிக்கும்போது, தெருவைப் பார்த்திருந்த சிறுவனை மறத்தல் இயலாது.

மூன்றாமவர் சீனிவாச இராமானுசன். கும்பகோணத்தில் புடவைக் கடைக் கணக்கரின் மகனாகிய அவர், 1904-இல் அவ்வூர் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்தோடு சேர்ந்தார். முந்திய ஆண்டிலேதான் சாமிநாதையர் அக்கல்லூரியை விட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றிருந்தார். கணிதமன்றிப் பிறவற்றில் மனம் செல்லாமையால் ஆங்கிலத்தில் தவறி, உதவிச் சம்பளத்தை இழந்தார். 1905-இல் வீட்டில் ஒன்றும் கூறாது விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் வெற்றி காணவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் திங்களுக்கு 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்ததே குடும்பம் கண்ட முதல் ஆறுதல். இவரைத் தவறியவராக அறிவித்த சென்னைப் பல்கலைக்கழகமே 1913-இல் பட்டம் பெறாத இவருக்குத் திங்கள்தோறும் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவியாக வழங்கிற்று. 1918-இல் இலண்டன் அரச கழகம் தன் உறுப்பினராக ஏற்றது. இவ்வரலாற்றைக் கூறுவோர் 1913-க்குப் பிந்திய பகுதியில் மகிழ்ந்து திளைப்பர். 1905-இல் பதினேழு வயது மாணவன் ஒருவன் கும்பகோணத்திலிருந்து ஓடியதற்கு அஞ்சியது எதனை என்று நின்று வினவுவோர் குறைவு. பெற்றோர் கொடியர் என்பதற்குச் சான்றில்லை. வறுமையில் உதவிச் சம்பளத்தை இழத்தல் என்பதே போதிய அச்சம் தருவது. அவரைப் போல ஓடியவருள் கணித மேதையல்லாதார் பெயரை வரலாறு குறித்துவைக்கவில்லை.

விளையாட்டுத் துறை இப்பாதையில் பிந்தி வந்தது. டென்னிசு ஆட்டத்தில் தாமே வல்லவராகிய டி. கே. இராமநாதன் தம் மகன் இராமநாதன் கிருஷ்ணனைப் பயிற்றினார். மகன் 1954-இல் விம்பிள்டனில் சிறுவர் பிரிவிலும் வென்று, 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் ஆடவர் அரையிறுதி வரை முன்னேறினார். அவர் மகன் இரமேஷ் கிருஷ்ணனும் 1979-இல் அச்சிறுவர் பட்டத்தைப் பெற்றார். தந்தை மகனைச் சான்றோன் ஆக்குதல் என்பதன் பழம்பொருள் ஒருவாறு இங்கே மீண்டுவிட்டது எனலாம். வேலுக்கு மாறாக மட்டை. சதுரங்கத்தில் 2024-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சிங்கப்பூரில் உலக வாகை சூடிய சென்னைக் குகேசு பதினெட்டு வயதினர். மருத்துவராகிய அவர் தந்தை தம் தொழிலை ஒதுக்கிவைத்து மகனுடன் போட்டிகளுக்குச் சென்றமை நாடறிந்த செய்தி. இங்கே கடன் மீண்டும் பகிரப்படுகின்றது. தந்தை தானும் ஒன்றை இழக்கின்றார். ஆயினும் இழப்பின் அளவுக்கு எதிர்பார்ப்பும் கனக்கும் என்பது மனித இயல்பு. வென்ற வீட்டில் அக்கனம் நமக்குத் தோன்றுவதில்லை. வைசாலி, பிரக்ஞானந்தா என்னும் உடன்பிறந்தார் வரலாறு சற்று வேறுவகையது. தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைத்தற்காகவே பெற்றோர் மகளைச் சதுரங்கத்தில் சேர்த்தனர் என்றும், அக்காளைப் பார்த்துத் தம்பியும் ஆடத் தொடங்கினான் என்றும் கூறப்படுகின்றது. இருவரும் கிராண்ட்மாஸ்டர் ஆயினர். நாம் கண்ட பழம்பாட்டுகள் அனைத்திலும் மகனே பேசப்பட, இங்கே மகள் முன்செல்லுதல் புதுமை.

தேர்வு முடிவில் முதலிடம் பெற்றார்க்குத் தாய் இனிப்பு ஊட்டும் நிழற்படம் நாளிதழ்களில் ஆண்டுதோறும் வெளிவந்த காலம் ஒன்றிருந்தது. 69-ஆம் குறளின் தாய் அச்சேறியது போன்ற காட்சி அது. 2017-ஆம் ஆண்டு முதல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவுகளில் தரவரிசை வெளியிடுதலைத் தமிழ்நாட்டு அரசு நிறுத்திவிட்டது. பெற்றோர் உள்ளத்தில் உள்ள வரிசை அரசாணையால் அழிவதன்று எனினும், ஊரார் வாய்த் தீர்ப்புக்கு அரசே முரசறைதல் அன்றோடு ஒழிந்தது.

மகன் தரப்புச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் பணி இன்னும் எஞ்சியுள்ளது. காவல்துறையிற் பணியாற்றிய தந்தை மகனையும் அத்துறைக்கே உரியவனாக்க விழைந்ததைக் கூறும் நாமக்கல் கவிஞரின் என் கதையும், 1904-இல் தம் ஆசிரியர் கதிரைவேற் பிள்ளையின் வழக்கிற் சான்று கூறச் சென்று தேர்வெழுதாது போன திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புக்களும் இந்நோக்கில் முதலில் ஆராயத்தக்கன. அடுத்த கட்டுரையில் அவ்விரண்டையும் எடுத்துக்கொள்ள எண்ணியுள்ளோம்.